பேபி மானிட்டர் சத்தம் போடாதபோது என்ன அர்த்தம்?

பாப்பா உள்ளறையில் தூங்குகிறது. நீங்கள் அடுக்களையில் வேலையாக இருக்கிறீர்கள். குழந்தை அறையின் சத்தத்தை உங்களுக்குக் கேட்கவைக்கும் பேபி மானிட்டர் பக்கத்தில் இருக்கிறது. அதில் அரை மணி நேரமாகச் சத்தமே இல்லை. குழந்தை நன்றாகத் தூங்குகிறதாக இருக்கலாம். இணைப்பு அறுந்துபோய், உள்ளே வீறிட்டு அழுதுகொண்டும் இருக்கலாம். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்த கருவியைத்தான் வாங்க வேண்டும். கேமராவின் தெளிவு, தாலாட்டு, ஆப் எல்லாம் அதற்கப்புறம்தான்.

1932-ல் அமெரிக்க விமானி சார்லஸ் லிண்ட்பெர்க்கின் கைக்குழந்தை வீட்டிலிருந்தே கடத்திக் கொல்லப்பட்டது. அந்த அதிர்ச்சி ஆறாத காலத்தில், ஜெனித் ரேடியோ கம்பெனியின் தலைவர் யூஜின் மெக்டொனால்டு செய்வித்ததுதான் 'ரேடியோ நர்ஸ்'. 1930களின் பிற்பகுதியில் கடைக்கு வந்தது. பேக்கலைட் என்ற பழைய வகை பிளாஸ்டிக்கால் ஆன அதன் கூட்டை வடிவமைத்தவர் சிற்பி இசாமு நொகுச்சி. தொட்டிலருகே ஒரு மைக் பெட்டி. அது பிடித்த சத்தம் வீட்டுக் கரண்ட் ஒயர் வழியாகவே பெற்றோர் பக்கத்துப் பெட்டிக்குப் போனது.

பிறகு வந்த அனலாக் மானிட்டர்கள் 49 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ரேடியோ அலையில் பேசின. அதே சேனலில் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் உங்கள் வீட்டுப் பேச்சு கேட்கும். ஆனால் இணைப்பு போனால் பெரும்பாலும் 'ஸ்ஸ்' என்று இரைச்சல் வந்துவிடும்.

இன்றைய டிஜிட்டல் கருவிகளில் அந்த இரைச்சல் கிடையாது, அதனால் இணைப்பு போனதை வேறு வழியில் சொல்ல வேண்டும். குரல் மட்டும் அனுப்பும் நல்ல மானிட்டர்கள் பலவற்றில் இருப்பது டெக்ட் என்ற தொழில்நுட்பம். கார்ட்லெஸ் போனுக்கு உருவானது. குழந்தை தூங்கும்போதும் இரண்டு பெட்டிகளும் ஒன்றையொன்று அடிக்கடி விசாரித்துக்கொண்டே இருக்கும். பதில் வராவிட்டால் பெற்றோர் கையில் உள்ள பெட்டி பீப் அடிக்கும். எனக்கு மிகவும் பிடித்த வசதி இதுதான்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கி வருவதாகச் சொன்னால் கொஞ்சம் பொறுங்கள். ஐரோப்பிய டெக்ட் 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரை. அமெரிக்க டெக்ட் 1920 முதல் 1930 வரை. இந்தியாவில் 1920-க்கு மேலே உள்ள அலைவரிசை செல்போன்கள் டவரோடு பேசுவதற்கானது. அங்கே வாங்கியதை இங்கே ஓட்டினால் இரண்டும் மோதிக்கொள்ளும். அடாப்டரையும் பாருங்கள். 100 முதல் 240 வோல்ட் வரை என்று போட்டிருந்தால்தான் நம் வீட்டுக் கரண்டைத் தாங்கும்.

திரையோடு வரும் மானிட்டர்கள் பல 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குபவை. வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் முட்டி மோதும் சந்தைத் தெரு அது. அதில் தப்பிக்க இந்தக் கருவிகள் நொடிக்குப் பலமுறை அலைவரிசை மாறித் தாவுகின்றன. ஒரு இடத்தில் நெரிசல் என்றால் ஒரு துணுக்குதான் தொலையும். அடுத்த தாவலில் சரியாகிவிடும். இப்படித் தாவும் முறை ஒன்றுக்கு 1942-லேயே நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆண்டைலும் காப்புரிமை பெற்றார்கள். கடலுக்குள் பாயும் டார்பிடோ குண்டை, எதிரி இடைமறிக்காதபடி இயக்க நினைத்து எழுதியது.

அட்டையில் '300 மீட்டர்' என்று போட்டிருப்பது திறந்த வெளிக்கான கணக்கு. கம்பி போட்ட கான்கிரீட் சுவரோ தளமோ அலையைக் கடுமையாக விழுங்கும். 10 டெசிபல் இழப்பு என்றால் பத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் மிஞ்சும். அப்படி இரண்டு தடை வந்தால் நூற்றில் ஒரு பங்கு. மாடியில் குழந்தை, கீழே நீங்கள் என்றால் இதை யோசித்தே ஆக வேண்டும்.

வைஃபை கேமராவில் வழி இன்னும் நீளம். பல மாடல்களில் படம் ரவுட்டருக்குப் போய், கம்பெனி சர்வரைத் தொட்டு, அப்புறம் உங்கள் போனுக்கு வரும். கரண்ட் போனால் ரவுட்டர் அணையும். பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று போனே அந்த ஆப்பை மூடிவிடலாம். எதற்கும் பீப் வரும் என்ற உறுதி இல்லை. 2016-ல் மிராய் என்ற தீநிரல், கம்பெனி வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்துவைத்தது. பொதுவான பாஸ்வேர்டோடு விற்பதை பிரிட்டன் 2024 ஏப்ரலிலிருந்து தடை செய்திருக்கிறது. ஆபீஸிலிருந்து பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்றால் வைஃபை கேமரா வாங்கலாம். வாங்கிய அன்றே பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். ராத்திரி காவலுக்கு அதை மட்டும் நம்பச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இருட்டில் கேமரா அகச்சிவப்பு விளக்கை எரித்துப் பார்க்கிறது. 850 நானோமீட்டர் விளக்கு என்றால் மங்கலான சிவப்புப் புள்ளி தெரியும். 940 என்றால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இரண்டுக்கும் நம் வீடுகளில் ஒரே சிக்கல், கொசுவலை. கேமராவுக்கு அருகில் வலை இருந்தால் வெளிச்சம் அதிலேயே பட்டுத் திரும்பி, படம் வெள்ளையாகப் பூத்துவிடும். கேமராவை வலைக்கு உள்பக்கம் குழந்தைக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள், அல்லது சாய்வாகத் திருப்புங்கள். தூளியில் கிடக்கும் குழந்தையின் முகத்தைச் சேலைத்துணியே மறைத்துவிடும். அங்கே கேமராவால் பயன் குறைவு, அடிக்கடி நேரில் போய்ப் பார்ப்பதே சரி. எங்கே வைத்தாலும் கேமரா ஒயர் குழந்தையிடமிருந்து 90 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும். ஒயர் கழுத்தில் சுற்றிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள்.

சத்தம் வந்தால் மட்டும் விழிக்கும் வசதி இருந்தால், மின்விசிறியை ஓடவிட்டு அதன் அளவைத் திருத்துங்கள். விசிறி நின்றிருக்கும்போது திருத்தினால், அது ஓடத் தொடங்கியதும் ராத்திரி முழுக்க மானிட்டர் முழித்தே இருக்கும்.

காலில் மாட்டும் சாக்ஸ் கருவிகள் சிவப்பு, அகச்சிவப்பு ஒளியைத் தோலுக்குள் செலுத்தி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் கணிக்கின்றன. ஆஸ்பத்திரியில் விரலில் மாட்டும் கருவியின் அதே தத்துவம். ஆனால் தூக்கத்தில் நேரும் திடீர் சிசு மரணத்தைத் தடுக்க இவற்றை நம்ப வேண்டாம் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம். மல்லாக்கப் படுக்கவைப்பது, தொய்வில்லாத சமமான படுக்கை ஆகியவற்றைத்தான் அது வலியுறுத்துகிறது.

வாங்கிய முதல் நாளே, திருப்பிக் கொடுக்க அவகாசம் இருக்கும்போதே, ஒரு சோதனை செய்யுங்கள். பெற்றோர் பெட்டியோடு வீட்டின் கடைசி மூலைக்குப் போங்கள். குழந்தை அறையில் உள்ள பெட்டியை ஒருவர் சத்தமில்லாமல் அணைக்கட்டும். ஒரு நிமிடம் ஆகியும் உங்கள் கையில் உள்ளது கூப்பிடவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கூப்பிட்டால், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பேட்டரியில் இரண்டு பெட்டியும் எத்தனை மணி நேரம் தாங்குகின்றன என்றும் பார்த்துவிடுங்கள்.