மிஷின் இழுக்கவில்லை என்றால் முதலில் ஆளைப் பாருங்கள்

திருப்பூர், பல்லடம், பெருந்துறைப் பக்கம் புதிதாக எழும்பும் பின்னலாடைக் கூடங்களிலும் குடோன்களிலும் மும்முனை மின் இணைப்பு வருவதற்கு முன்பே தள வேலை தொடங்கிவிடுகிறது. அங்கே கை கொடுப்பது கான்கிரீட் தளத்தை அரைத்துச் சமன்செய்யும், கேஸில் ஓடும் கிரைண்டிங் மிஷின். இந்த மிஷின்களைப் பழுது பார்ப்பது என் தொழில். அடிக்கடி வரும் புகார் இதுதான்: "அண்ணா, மிஷின் இழுக்க மாட்டேன் என்கிறதுங்க." பதிலுக்கு நான் கேட்பது, "ஓட்டுகிற தம்பிக்குத் தலைவலி இருக்கிறதா?"

இரண்டும் பல நேரங்களில் ஒரே கோளாறிலிருந்து வருகின்றன. கான்கிரீட்டை அரைக்கும்போது எழும் தூசி ஏர் ஃபில்டரை அடைக்கிறது. இன்ஜினுக்குள் போகும் காற்று குறைய, கேஸ் அரைகுறையாக எரிகிறது. வேகம் குறைகிறது, புகையில் கார்பன் மோனாக்சைடு கூடுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும்.

மழைக்காலத்தில் அன்னூர்ப் பக்கம் ஒரு குடோனுக்குப் போயிருந்தேன். சாரல் உள்ளே அடிக்கக் கூடாதென்று ஷட்டரை இறக்கிவிட்டு அரைத்துக்கொண்டிருந்தார்கள். ஃபில்டரைக் கழற்றினால் தாளின் மடிப்புகளே தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் பாளம் கட்டியிருந்தது, நகத்தால் சுரண்டச் சுரண்ட உதிர்ந்தது. மிஷின் ஓட்டிய பையன் சிமென்ட் மூட்டை மேல் சாய்ந்திருந்தான். "ராத்திரி சாப்பிட்டது சேரவில்லைங்க, குமட்டுகிறது" என்றான். உடனே ஷட்டரைத் தூக்கச் சொல்லி, அவனை வெளியே அழைத்து வந்து, மருத்துவமனைக்கு அனுப்பினோம். முகக்கவசம் போட்டிருந்தானே என்றார் மேஸ்திரி. என்-95 கவசம் தூசியைத் தடுக்கும்; இந்த வாயுவைத் தடுக்காது.

தினமும் வேலை தொடங்கும் முன் ஃபில்டரைப் பாருங்கள். தாள் ஃபில்டரை உள்ளிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகக் காற்றடித்துச் சுத்தம் செய்யலாம். வெளியிலிருந்து அடித்தால் தூசி தாளுக்குள் இன்னும் ஆழமாக ஏறும். பாளம் கட்டிவிட்டால் மாற்றுவதுதான் வழி. ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படி ஓட்டினால் கான்கிரீட் பொடி பிஸ்டன் ரிங்கை அரைத்துத் தின்றுவிடும்.

ஃபில்டர் சுத்தமாக இருந்தும் புகை கெட்டதாக இருந்தால் கேஸ் கலவையைச் சந்தேகியுங்கள். வெளிநாட்டு மிஷின்கள் பெரும்பாலும் புரொப்பேனுக்கென்று அளவு வைத்து வருகின்றன. நம் ஊர் சிலிண்டரில் இருப்பதோ புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த எல்.பி.ஜி. கன அளவில் புரொப்பேன் 1 பங்கு முழுதாக எரிய ஏறத்தாழ 24 பங்கு காற்று போதும். பியூட்டேனுக்கு 31 பங்கு வேண்டும். பழைய அளவிலேயே ஓட்டினால் கேஸ் மிஞ்சும், புகை கெடும். இதைக் காதால் கேட்டுச் சரிசெய்ய முடியாது. புகையை அளக்கும் கருவி வைத்திருக்கும் மெக்கானிக்கிடம்தான் டியூன் செய்ய வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை ஓட்டுகிறவர் சட்டையிலேயே மாட்டிவிடுங்கள். தொழிலிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு, வேலை நேரச் சராசரியாகக் காற்றின் 10 லட்சம் பங்கில் 35 பங்கு. எந்த நொடியிலும் 200-ஐத் தாண்டக் கூடாது.

ரெகுலேட்டர் மேல் வெண்பனி படர்ந்து இன்ஜின் திணறுகிறதா? ஆவியாகப் போக வேண்டிய கேஸ் திரவமாகவே உள்ளே போகிறது என்று பொருள். செங்குத்தாக நிற்க வேண்டிய சிலிண்டரைச் சாய்த்து வைத்திருப்பார்கள், அல்லது அளவுக்கு மேல் நிரப்பியிருப்பார்கள். வால்வை மூடிவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். தீயைக் காட்டிப் பனியை உருக்க வேண்டாம். வீட்டுக்குரிய 14.2 கிலோ சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கசிவைச் சோப்பு நீர் தடவிப் பார்க்க வேண்டும். பழைய நூற்பாலைக் கட்டடங்களில் வேலை எடுப்பவர்களுக்கு இதில் தனிக் கவனம் வேண்டும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. ஈரப்பதம் காக்கும் பிளான்டுக்காகத் தளத்தின் அடியில் ஓடும் காற்றுக் கால்வாய்களில் இறங்கித் தேங்கிக்கொள்ளும். மேலே ஜன்னல்கள் திறந்திருந்தாலும் அங்கிருந்து எளிதில் வெளியேறாது. அந்தத் திறப்புகளுக்குப் பக்கத்தில் சிலிண்டரை வைக்காதீர்கள். வேலை முடிந்ததும் முதலில் சிலிண்டர் வால்வை மூடி, குழாயில் மிச்சமுள்ள கேஸ் தீர்ந்து இன்ஜின் தானாக நிற்கும்படி விடுங்கள்.

மற்றவை சின்ன வேலைகள். கேஸ் இன்ஜினில் ஆயில் அவ்வளவாகக் கறுக்காது. நிறத்தை நம்பாமல், ஓடிய மணி நேரக் கணக்கில் மாற்றுங்கள். இன்ஜின் நன்றாக ஓடியும் தளம் அறுபடவில்லை என்றால் தளத்தை அரைக்கும் வைரப் பல் மழுங்கிப் பளபளத்திருக்கும். வைரத் துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் உலோகப் பிணைப்பைத் தளத்துக்கு ஏற்பத் தேர்ந்தெடுங்கள்: கெட்டிக் கான்கிரீட்டுக்கு மென்மையான பிணைப்புள்ள பல், மென்மையான தளத்துக்குக் கெட்டிப் பிணைப்புள்ள பல். தூசி உறிஞ்சும் மிஷின் இல்லாமல் உலர் அரைப்பு வேண்டவே வேண்டாம். அந்தத் தூசியில் உள்ள சிலிக்கா தரும் சிலிகோசிஸ் நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை.

யாருக்காவது தலைவலி, மயக்கம், குமட்டல் என்றால் இன்ஜினை நிறுத்தி, ஆளை வெளியே கொண்டுவந்து 108-ஐ அழையுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் பெரும்பாலும் அது சரியாக இருப்பதாகவே காட்டும். "மூடிய இடத்தில் கேஸ் இன்ஜின் ஓட்டினார்" என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.