கிளினிக் நாளிலும் காலைக் குளிசையைப் போடுங்கள்

மட்டக்களப்பில் மருந்தாளராக வேலை செய்கிறேன். பிரஷர் நோயாளி ஒருவரின் கிளினிக் கொப்பியை முதல் பக்கத்திலிருந்து புரட்டினால், மருந்து ஏறிய வரலாறு முழுவதும் தெரியும். முதலில் லொசார்டன் 50 மில்லிகிராம் ஒரு வேளை. பிறகு இரண்டு வேளை. அடுத்து அம்லோடிபின். அதன் பின் ஹைட்ரோகுளோரோதயசைட். இப்படிப் படிப்படியாகக் கூட்டுவது முறையான வைத்தியம்தான். ஒரே மருந்தில் 140/90க்குக் கீழே இறங்காதவர்கள் பலர். விழுங்காத குளிசைக்காகவும் மருந்து கூடுகிறதே, அதுதான் என் கவலை.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து வரும் ஓர் அம்மா. விடியற்காலையில் அம்பிளாந்துறையில், வாவியைக் கடக்கும் படகுப்பாதையில் ஏறி, குருக்கள்மடத்தில் பஸ் பிடித்து வந்திருந்தார். அன்றைக்கு இரத்த அமுக்கம் 180/100. கொப்பியில் புதிதாக ஒரு மருந்து எழுதப்பட்டிருந்தது.

"காலையில் குளிசை போட்டீர்களா அம்மா?"

"இல்லை மகன். இரத்தம் எடுப்பார்கள் என்று சாப்பிடாமல் வந்தேன். வெறும் வயிற்றில் எப்படிப் போடுவது?"

சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். அன்றைய குளிசைகள் இரண்டும் அதில் அப்படியே இருந்தன. கொப்பியை வைத்தியரிடம் திருப்பி எடுத்துப் போனேன். அவர் புதிய மருந்தை வெட்டிவிட்டார்.

வெட்டியிராவிட்டால்? அம்மா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் ஒழுங்காகப் போடுவார். அமுக்கம் தாழ்ந்து, காலையில் எழும்பும்போது தலை சுற்றும். கிணற்றடியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபின் யாரும் கொப்பியைப் புரட்டிப் பார்ப்பதில்லை.

சாப்பிடாமல் இரத்தம் கொடுக்கும் நாளில் சாப்பாட்டுக்கு முன் போடக்கூடாதது நீரிழிவு மருந்து. பிரஷர் குளிசையை, வைத்தியர் வேண்டாம் என்று சொல்லியிராவிட்டால், ஒரு வாய்த் தண்ணீரோடு வழக்கம்போலப் போடலாம்.

இன்னொரு சிக்கலையும் அடிக்கடி காண்கிறேன். அரசாங்கக் கிளினிக்கில் கொடுத்த லொசார்டன் ஒரு பொட்டலத்தில். தனியார் வைத்தியர் எழுதிய அதே லொசார்டன், வேறு வணிகப் பெயரில், மினுங்கும் அட்டையில். இரண்டும் வெவ்வேறு மருந்து என்று நம்பி இரண்டையும் விழுங்குகிறார்கள். 1971இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் பேராசிரியர் சேனக பிபிலே, மருந்தை வணிகப் பெயரால் அல்லாமல் அதன் பொதுப் பெயரால் எழுத வேண்டும் என்று போராடினார். அதன் அருமை இந்த இரண்டு பொட்டலங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

எனலபிரில் என்ற பிரஷர் குளிசையைத் தொடங்கியபின் வறட்டு இருமல் வந்தாலும், அம்லோடிபின் போட்டுக் கால் வீங்கினாலும் மௌனமாக நிறுத்திவிடாதீர்கள். வைத்தியரிடம் சொன்னால் மருந்தை மாற்றித் தருவார். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோபெனாக்கையும் மறைக்க வேண்டாம். அது அமுக்கத்தைக் கூட்டும், இந்த மருந்துகளோடு சேர்ந்து சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

அடுத்த கிளினிக்குக்கு வரும்போது வீட்டிலிருக்கும் எல்லாக் குளிசைகளையும், போடாமல் மிஞ்சியவை உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். ஏன் மிஞ்சியது என்று நான் ஏச மாட்டேன். எண்ணிப் பார்த்து, கொப்பியில் குறித்து, வைத்தியரிடம் கொடுப்பேன்.