கூண்டு ஏற்றிய நாளில் நெஞ்சு ஏன் அடித்துக்கொள்கிறது?

பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியாச்சு. கடலுக்குப் போன வள்ளம் இன்னும் கரை திரும்பவில்லை. போன் அடித்தால் 'தொடர்பு எல்லைக்கு வெளியே'. வீட்டில் இருப்பவருக்கு வயிற்றைக் கலக்கும், உள்ளங்கை வியர்க்கும். "மனசைத் தேத்திக்க ஆத்தா" என்பார்கள் அக்கம்பக்கத்தார். சரி, எப்படித் தேற்றுவது?

பயம் வந்ததும் மூளையின் அமிக்டலா பகுதி உசுப்பிவிட, அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரந்து இதயம் வேகமெடுக்கிறது. 'மெல்ல அடி' என்று சொன்னால் இதயம் கேட்காது. ஆனால் மூச்சு தானாகவும் ஓடும், நாம் சொன்னாலும் கேட்கும். வழி அங்கேதான் இருக்கிறது.

மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்புதான் கடிவாளம். 1921இல் ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி இரண்டு தவளை இதயங்களை எடுத்து, ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டினார். துடிப்பு குறைந்தது. அது கிடந்த திரவத்தை மற்ற இதயத்தில் விட்டார், அதுவும் மெதுவானது! அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளின் வேலை அது. 1936இல் லோவிக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மூச்சை இழுக்கும்போது இந்தக் கடிவாளம் தளர்கிறது, விடும்போது இறுகுகிறது. அதனால் நாலு விநாடி இழுத்து ஆறு விநாடி விட்டால், நிமிடத்துக்கு ஆறு மூச்சு. ஐந்து நிமிடத்தில் படபடப்பு இறங்கத் தொடங்கும். பெரிதாக இழுத்து விடுவதைவிட, நிதானமாக விடுவதுதான் முக்கியம்.

பாம்பனை ஒட்டிய சின்னப்பாலம் பக்கம் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கடல்பாசி எடுக்க முங்கும் பெண்களுக்கு இதே நரம்பு வேறு வழியில் உதவுகிறது. மூச்சை அடக்கி முகம் தண்ணீருக்குள் போனதுமே இதயத் துடிப்பு குறையும். பானைத் தண்ணீரில் முகம் கழுவினால் லேசாகத் தெளிவதிலும் இதற்குக் கொஞ்சம் பங்குண்டு. (இதய நோய் உள்ளவர்கள் ஐஸ் தண்ணீரில் முகத்தை முக்கிப் பார்க்க வேண்டாம்.)

இன்னொன்று, வாய்விட்டுச் சொல்வது. உணர்ச்சிக்குப் பெயர் சொல்லும்போது அமிக்டலாவின் துள்ளல் குறைவதை மூளை ஸ்கேன்கள் காட்டியிருக்கின்றன. "எனக்குப் பயமா இருக்கு" என்றாலே போதும். கடலுக்குப் போகும் ஆண்கள்தான் இதைச் சொல்ல மாட்டார்கள். அந்த வீம்பு யாருக்கும் நல்லதில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் ஏறும் கடனை மூச்சுப் பயிற்சி அடைக்காது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் 14416க்கு அழைக்கலாம். அரசின் மனநல உதவி எண், இலவசம். நடுராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.