மீதி மரக்கால் தெரியும், கலம் எத்தனை?

திருத்துறைப்பூண்டிப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "நிலம் அமிழ்வதை வானவில் வளையங்களாகச் செயற்கைக்கோள் படத்தில் காட்டுகிறார்களே, அதை நம்பலாமா? எங்கள் பக்கத்து வயலுக்கும் அப்படிப் பார்க்க முடியுமா?"

வளையம் எங்கிருந்து வருகிறது என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரேடார் செயற்கைக்கோள் ஒரே இடத்தை வெவ்வேறு நாளில் இரண்டு முறை படமெடுக்கிறது. அலை கீழே போய்ப் பட்டுத் திரும்பும்போது, ஏற்றத்தில் இருந்ததா இறக்கத்தில் இருந்ததா என்று குறித்துக்கொள்கிறது. அதுதான் ஃபேஸ். இரண்டு நாள் ஃபேஸையும் கழித்தால் இடையில் நிலம் எவ்வளவு நகர்ந்தது என்று தெரியும். ஐரோப்பாவின் சென்டினல்-1 பயன்படுத்தும் அலையின் நீளம் சுமார் 5.6 செ.மீ. போகவும் வரவும் இரட்டைத் தூரம் என்பதால், நிலம் செயற்கைக்கோளை விட்டு 2.8 செ.மீ. விலகினாலே ஒரு சுற்று முடிந்துவிடும். ஃபேஸ் மறுபடி பூஜ்யத்தில் தொடங்கும். ஒரு சுற்று ஒரு வளையம்.

சிக்கல் இங்கேதான். படத்தில் இருப்பது மீதி மட்டும்.

நம் களத்துமேட்டுப் பழைய கணக்கில் 12 மரக்கால் ஒரு கலம். நெல் அளந்தவர் கலக் கணக்கைத் தொலைத்துவிட்டு, ஒவ்வொரு குவியலிலும் "மீதி 4", "மீதி 11" என்று சீட்டு மட்டும் செருகிவிட்டுப் போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீட்டுகளை வைத்துக் கலத்தை மீட்பதுதான் ஃபேஸ் அன்ராப்பிங். இந்தக் கணக்கில் ஒரு கலம் 2.8 செ.மீ., ஒரு மரக்கால் இரண்டு மில்லிமீட்டர் சொச்சம். எம்ஆர்ஐ படங்களிலும் இதே தொல்லை உண்டு.

மீட்க ஓர் ஊகம் வேண்டும்: பக்கத்துப் பக்கத்துக் குவியல்கள் அரைக் கலத்துக்கு மேல் வித்தியாசப்படாது. 11-க்கு அடுத்த சீட்டில் 1 இருந்தால் பத்து குறையவில்லை, கலம் நிரம்பி இரண்டு கூடியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். குவியல்கள் ஒரே வரிசையில் இருந்தால் இத்தோடு வேலை முடிந்தது.

படமோ வரிசை அல்ல, வயல்வெளி. எனக்கு இந்த விஷயமே பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். நான்கு வயல் சந்திக்கும் வரப்பைச் சுற்றி நடந்து பாருங்கள். சீட்டுகள் முறையே 10, 11, 1, 0. ஒன்று கூடுகிறது, இரண்டு கூடுகிறது, ஒன்று குறைகிறது, கிளம்பிய இடத்துக்குத் திரும்பும்போது இரண்டு குறைகிறது. கூட்டினால் பூஜ்யம். சரி, இன்னொரு நான்கு: 0, 4, 8, 11. கூட்டல் 4, கூட்டல் 4, கூட்டல் 3, கடைசியாக 11-லிருந்து 0-க்கு வரக் கூட்டல் 1. மொத்தம் 12! ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை, கிளம்பிய வயலுக்கே திரும்பி வந்திருக்கிறோம், கையில் ஒரு கலம் அதிகம்.

இது கள்ளக் கணக்கு. ஆனால் நான்கில் எந்தச் சீட்டு பொய் என்று சொல்ல முடியாது. இங்கே ஒரு முரண் உட்கார்ந்திருக்கிறது என்று மட்டும் தெரியும். எதிர்த்திசையில் ஒரு கலம் குறையும் முரண்களும் படத்தில் எங்காவது இருக்கும். 1988-இல் அமெரிக்காவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தைச் சேர்ந்த கோல்ட்ஸ்டீன், ஜெப்கர், வெர்னர் மூவரும் சொன்ன தீர்வு எளிமையானது: கூட்டல் முரணையும் கழித்தல் முரணையும் ஒரு கோட்டால் இணைத்து வேலி போடு, வேலியைத் தாண்டி நடக்காதே. பிறகு எந்த வழியில் போனாலும் ஒரே விடைதான். 1998-இல் இத்தாலியின் கோஸ்தன்தீனி அதையே நீர்ப்பாசனக் கணக்காக்கிவிட்டார். கூட்டல் முரண் மதகு, கழித்தல் முரண் வடிகால், மிகக் குறைந்த செலவில் எந்த வாய்க்கால் வழியே தண்ணீரைக் கொண்டுபோவது? தஞ்சாவூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

வேலியைத் தப்பாகப் போட்டால்? வேலிக்கு அந்தப் பக்கம் உள்ள ஊரே முழுதாக 2.8 செ.மீ. ஏறியோ இறங்கியோ போகும். படம் பார்க்க அழகாகவே இருக்கும். அதனால்தான் வேலி போடும் அல்காரிதத்தைச் சோதிக்க வேண்டும்.

சோதனை என்றதும் பலர் செய்வது, வந்த விடையை மறுபடி 12-ஆல் வகுத்து மீதி பழையபடி வருகிறதா என்று பார்ப்பது. வரும். தப்பான விடைக்கும் வரும், ஏனென்றால் தப்பே முழுக் கலமாகத்தான் நடக்கிறது. இன்னொரு பழக்கம், மேட்லாப் என்ற கணக்கு மென்பொருளில் தயாராகக் கிடைக்கும் வழுவழுப்பான மலைமேட்டைக் கொடுத்து "ஆஹா, பிழை பூஜ்யம்" என்று கட்டுரை எழுதுவது. எங்கள் ஊரில் உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்ப்பவர் ஒருவர் இருந்தார். தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் எல்லாம் தண்ணீர் வந்தது. ஆற்றுப் படுகையில் எங்கே தோண்டினால்தான் வராது? தேங்காய் நிற்காத இடத்தில் யாரும் தோண்டிப் பார்க்கவே இல்லை. வழுவழுப்பான மலையில் தேர்வான அல்காரிதமும் அந்தத் தேங்காயும் எனக்கு ஒன்றுதான்.

உருப்படியான சோதனை வேறு மாதிரி. நிலத்தை நாமே கணினியில் செய்ய வேண்டும்: ஒரு நகரத்தடியில் பத்து செ.மீ. பள்ளம், ஒரு செங்குத்தான ஆற்றங்கரை. அதன் மேல் டெல்டாவின் நிஜமான இரைச்சலை, அதாவது சீட்டுகளைக் கலைக்கும் குழப்பத்தை, தூவ வேண்டும். பிறகு முழுக் கலங்களை நீக்கிவிட்டு, மீதியை மட்டும் அல்காரிதத்திடம் கொடுத்து, ஒளித்து வைத்த விடையோடு ஒப்பிட வேண்டும். அப்போதும் சராசரிப் பிழையைப் பார்த்து ஏமாறக் கூடாது. எத்தனை பிக்சல் முழுக் கலத்தால் தவறியிருக்கிறது, அவை எங்கே கும்பலாக இருக்கின்றன என்று எண்ண வேண்டும். நிஜப் படத்துக்கு ஒளித்த விடை கிடையாது. அங்கே மூன்று தேதிகளை எடுத்துக்கொண்டு, முதலாவதிலிருந்து இரண்டாவதும் இரண்டாவதிலிருந்து மூன்றாவதும் சேர்ந்தால் முதலாவதிலிருந்து மூன்றாவது வருகிறதா என்று பார்க்கலாம். ஒரு கலம் இடித்தால் எங்கோ வேலி தப்பு.

டெல்டாவின் இரைச்சல் என்று ஏன் தனியாகச் சொன்னேன்? ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் அப்புறம் குறுவை, சம்பா, தாளடி என்று வயல் சும்மா இருப்பதில்லை. 12 நாள் கழித்து அதே செயற்கைக்கோள் அதே இடத்துக்கு வரும்போது உழவு, நீர் நிறுத்தல், நடவு எல்லாம் ஆகி, அது வேறு வயலாகிவிடுகிறது. சீட்டுகள் கண்டபடி கலைந்து, நான்கடிக்கு ஒரு முரண். மன்னார்குடியும் திருவாரூரும் மட்டும் கட்டடங்களின் தயவில் தெளிவான தீவுகளாக மிஞ்சும். தீவுக்குள்ளே கணக்கு சரியாக வரும். ஒரு தீவுக்கும் அடுத்த தீவுக்கும் நடுவே எத்தனை கலம் என்பதை அல்காரிதம் யூகிக்கத்தான் செய்கிறது.

அதைத் தீர்க்கத் தரையில் ஒரு ஆதாரம் வேண்டும். உயரம் குறித்த கல்லோ ஜிபிஎஸ் நிலையமோ சில ஊர்களில் இருந்து, யாராவது வருடா வருடம் அளந்தால் போதும். செயற்கைக்கோளுக்குக் காசு கிடைக்கிறது, வெயிலில் நின்று கல்லை அளக்கும் ஆளுக்குக் கிடைப்பதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

2025 ஜூலை 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன, நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த ரேடார் செயற்கைக்கோளான நைசாரின் நீண்ட அலை 24 செ.மீ. அதற்கு ஒரு கலம் 12 செ.மீ., சுற்றுகள் குறைவு, பயிரின் இலைகளையும் ஓரளவு ஊடுருவும். டெல்டாவுக்கு இது பெரிய உதவி.

ஆக, வாசகருக்கு: சம்பா அறுவடை முடிந்து அடுத்த தண்ணீர் வரும் வரை உள்ள மாதங்களின் படங்களையே முதலில் கேளுங்கள். படத்தோடு, எந்த இடத்தை அசையாததாக வைத்துக் கணக்கிட்டார்கள் என்றும் கேளுங்கள். அப்போதும் உங்கள் வயலைவிட உங்கள் ஊர் ரயில் நிலையத்தின் கூரைதான் தெளிவாகத் தெரியும்.