இன்வென்ட்டரி: கையிருப்பா, கிடங்கா, பட்டியலா?

பிளாக் பிளாக்கா அடுக்கி விளையாடற மைன்கிராஃப்ட்ல பீக்கன், அதாவது பிரமிடு மேல வெச்சா பக்கத்துல இருக்கறவங்களுக்குச் சக்தி குடுக்கற ஒளிவிளக்கு, கட்டினவங்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடமா இருக்கும். நாலு அடுக்கு பிரமிடுக்கு 81, 49, 25, 9னு மொத்தம் 164 இரும்பு பிளாக் வேணும், ஒரு பிளாக்குக்கு 9 இங்காட் (உருக்கின இரும்புக் கட்டி), ஆக 1,476 இங்காட். எங்க சர்வர்ல ஆறு பேர், எல்லாரும் சித்தி பசங்க அத்தை பசங்க ரெண்டு மூணு நண்பர்கள், அன்னிக்கு நான் எல்லார்கிட்டயும் "இன்வென்ட்டரில எவ்ளோ அயர்ன் இருக்கு?"னு கேட்டு ஒவ்வொருத்தர் சொன்னதையும் கூட்டிப் பாத்தா 1,600க்கு மேல வந்துச்சு, சரி கட்டிடலாம்னு ஆரம்பிச்சா பாதியிலேயே இரும்பு தீந்துபோச்சு. ஏன்னு தேடிப் பாத்தா ரெண்டு பேர் தங்க கையில இருக்கறத மட்டும் சொல்லியிருக்காங்க, மூணு பேர் பொதுப் பெட்டில இருக்கறதையும் சேத்து சொல்லியிருக்காங்க, ஒரே பெட்டி மூணு தடவ கணக்குல ஏறிடுச்சு.

யாரும் பொய் சொல்லல. கேட்ட சொல்லுலதான் கோளாறு. அன்னிலருந்து இந்த இன்வென்ட்டரிங்கற சொல்ல நான் விடாம தோண்டிக்கிட்டு இருக்கேன், அதத்தான் இங்க எழுதறேன்.

லத்தீன்ல இன்வெனீரேன்னு ஒரு வினை. இன் + வெனீரே, வெனீரேன்னா வர்றது. வர்ற வழியில ஒண்ணு எதிர்ப்படுது, கண்ணுல படுது, அதனால கண்டடையறதுன்னு பொருள். இன்வென்ஷனும் இதே வேர்தான். அதுலருந்து பிற்கால லத்தீன்ல இன்வென்டாரியும்னு ஒரு சொல் வருது, கண்டெடுத்த பொருள்களோட பட்டியல்னு அர்த்தம். யாரு கண்டெடுத்தது, எங்கன்னு பாத்தா, பெரும்பாலும் செத்தவர் வீட்ல! ஒருத்தர் இறந்துட்டா அவர் விட்டுட்டுப் போனது என்னென்னன்னு பாத்து எழுதற பட்டியல் அது. கி.பி. 531ல ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் ஒரு சட்டம் போட்டாரு, வாரிசா வர்றவன் முறையா இந்தப் பட்டியல எழுதிட்டா செத்தவரோட கடனுக்கு அந்தச் சொத்து அளவுக்குத்தான் பொறுப்பு, தன் கைக்காச எடுத்துக் கட்ட வேணாம்னு. இங்கிலாந்துல எட்டாம் ஹென்றி காலத்துல, 1529ல, உயிலை நிறைவேத்தறவங்க இப்படி ஒரு பட்டியல் தயாரிச்சே ஆகணும்னு சட்டம் வந்துச்சு. அந்தப் பட்டியல்கள்ல இருக்கற சட்டி பானை படுக்கை ஆடுமாடுன்னு எல்லாத்தையும் வெச்சுத்தான் அந்தக் கால மக்கள் எப்படி வாழ்ந்தாங்கன்னு இன்னிக்கு வரலாற்று ஆய்வாளருங்க எழுதறாங்க.

இதப் படிச்சப்ப எனக்கு உடனே விளையாட்டுதான் ஞாபகம் வந்துச்சு. மைன்கிராஃப்ட்ல செத்தா என்ன ஆகுது? கையில இருந்த அத்தனையும் அந்த இடத்துலயே சிதறிக் கிடக்கும், 5 நிமிஷம், அதாவது விளையாட்டோட கடிகாரத்துல நொடிக்கு 20 டிக் வீதம் 6,000 டிக், அதுக்குள்ள யாராவது எடுக்கலன்னா மறைஞ்சிடும். அந்த அஞ்சு நிமிஷமும் பக்கத்துல ஆள் இருந்து அந்தப் பகுதி லோட் ஆகியிருந்தாதான் ஓடும், நீங்க தூரத்துல மறுபடி பிறந்து நடந்து வந்துக்கிட்டு இருக்கறப்ப பக்கத்துல வேற யாரும் இல்லன்னா கடிகாரம் நின்னு காத்திருக்கும். ஆனா மல்டிபிளேயர்ல ஒரு நண்பன் அந்தப் பக்கமா நின்னா ஓட ஆரம்பிச்சிடும், அதனால "நான் பாத்துக்கறேன், நீ மெதுவா வா"ன்னு சொல்றவன் பொருளை எடுத்து வெச்சுக்கலன்னா நமக்கு உதவியே இல்ல. லாவாவுல (எரிமலைக் குழம்புல) விழுந்திருந்தா நெதரைட்ங்கற அரிய உலோகத்துல செஞ்ச பொருள் தவிர எல்லாம் எரிஞ்சிடும். செத்தவன் என்ன வெச்சிருந்தான்னு கேக்கறதுக்குப் பிறந்த சொல், சாகறப்ப எல்லாம் கொட்டிப்போற ஒரு விளையாட்டுல வந்து உக்காந்திருக்கு பாருங்க.

பட்டியல்னு இருந்தது எப்ப பொருளாவே மாறுச்சு? இதுல அமெரிக்க ஆங்கிலத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பிரிட்டன்ல கடையில இருக்கற சரக்க ஸ்டாக்னும் அத எழுதி வெச்ச ஏட்ட இன்வென்ட்டரின்னும் பிரிச்சு சொல்ற வழக்கம் ரொம்ப நாள் இருந்துச்சு, அமெரிக்காவுல சரக்கையே இன்வென்ட்டரின்னுட்டாங்க. கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு இந்தச் சொல் அங்கருந்துதான் வந்துச்சு. 1976ல வில் க்ரௌதர் எழுதி 1977ல டான் வுட்ஸ் பெருசாக்கின கொலோசல் கேவ் அட்வென்சர்ல படமே கிடையாது, எல்லாம் எழுத்துதான், அதுல இன்வென்ட்டரின்னு டைப் பண்ணா நீங்க என்னென்ன தூக்கிட்டு இருக்கீங்கன்னு ஒரு பட்டியல் வரும். அங்க அது இன்னும் பட்டியல்தான், லத்தீன் பொருளுக்கு ரொம்பக் கிட்ட. அதுலயும் 7 பொருளுக்கு மேல தூக்க முடியாது, எதையாவது கீழ வெச்சாதான் அடுத்தத எடுக்கலாம். அப்புறம் படம் வந்து, கட்டம் வந்து, பட்டியல் பையாயிடுச்சு. இன்னிக்கு பசங்க "என் இன்வென்ட்டரி ஃபுல்"னு சொல்றப்ப பையத்தான் சொல்றாங்க, பட்டியல் ஃபுல்லுன்னு யாரும் நினைக்கறதில்ல.

இப்ப தமிழுக்கு வருவோம்.

அகராதிகள்ல சரக்கிருப்பு, பொருட்பட்டியல், இருப்புப் பட்டியல்னு இருக்கும். சரக்கிருப்பு கடைக்குப் பொருந்தும், விக்கறதுக்கு வெச்சிருக்கறதுதான் சரக்கு, குகைக்குள்ள டார்ச்சும் ரொட்டியுமா போறவன் கையில இருக்கறது சரக்கு இல்ல. ஆனா அதுக்குள்ள இருக்கற இருப்புங்கற சொல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இருங்கற வினையிலருந்து வந்தது, இருக்கறதுதான் இருப்பு, அவ்வளவு நேரா இருக்கு. லத்தீன்காரன் கண்டதை எழுதறான், நம்மாளு இருக்கறதை எழுதறான். எங்க மாமா மளிகைக் கடையில வருஷா வருஷம் மார்ச் 31 ராத்திரி கடைய சாத்திட்டு இருப்பு எடுப்பாங்க, பருப்பு மூட்டை எத்தன, எண்ணெய் டின் எத்தன, எங்களையெல்லாம் எண்ண விடுவாங்க, "வாயால சொல்லாதடா, தொட்டு எண்ணு"ன்னு மாமா சொல்வாரு. ரேஷன் கடை வாசல்ல தொங்கற பலகையிலயும் அரிசி, சர்க்கரை, பாமாயில் எதிர்ல எழுதியிருக்கறது இருப்புதான். படிக்காதவங்களுக்கும் புரியற சொல்.

ஒரு சின்ன விஷயம், இரும்புங்கற சொல் இன்னொரு சொல்லோட சேந்தா இருப்புன்னு ஆகும், இருப்புப்பாதைன்னு ரயில் பாதைய சொல்றது அப்படித்தான். ஆக எங்களுக்குக் குறைஞ்சுபோன இரும்போட இருப்ப இலக்கணப்படி சேத்து எழுதினா இருப்பிருப்பு! எழுதிப் பாத்துட்டு விட்டுட்டோம், இரும்பு இருப்புன்னே பிரிச்சு எழுதறோம்.

எங்க கூட விளையாடற யாழ்ப்பாணத்து நண்பர் ஒருத்தர் ஏ.எல்.ல, நம்ம பிளஸ் டூ மாதிரி, வர்த்தகம் படிச்சவரு, அவங்க கணக்கியல் புத்தகத்துல இதுக்குத் தொக்குன்னு இருக்குமாம், ஆரம்பத் தொக்கு, இறுதித் தொக்கு. தமிழ்நாட்டுல தொக்குன்னா தக்காளித் தொக்கு, அதனால முதல்ல எங்க பசங்களுக்குப் புரியவே இல்ல, ஆனா தொகை தொகுப்புன்னு பக்கத்துல வெச்சுப் பாத்தா நல்ல சொல்லாத்தான் படுது. அவர் இன்னிக்கும் சாட்ல "தொக்கு எவ்வளவு நிக்குது?"ன்னுதான் கேப்பாரு, இப்ப எல்லாருக்கும் புரியும்.

சரி, விளையாட்டுல எத எங்க சொல்றது? என் கருத்து இதுதான், இன்வென்ட்டரிக்கு ஒரே ஒரு தமிழ்ச்சொல் தேடறதே தப்பு. ஆங்கிலச் சொல்லு மூணு விஷயத்த ஒண்ணா கட்டி வெச்சிருக்கு, மல்டிபிளேயர்ல அந்த மூணையும் பிரிச்சாதான் கணக்கு நிக்கும்.

முதல்ல, ஆள் மேல இருக்கறது. இதுக்குக் கையிருப்பு. வாய்மொழியில கைவசம்னும் சொல்லலாம், "கைவசம் எவ்ளோ?"ன்னு கேட்டா யாரும் பெட்டியப் போய் திறந்து பாக்க மாட்டான், தன் கைய மட்டும்தான் பாப்பான். மைன்கிராஃப்ட்ல இது 36 கட்டம், கீழ வரிசையில 9, மேல 27, போட்டிருக்கற கவசத்துக்கு 4, இடது கைக்கு 1 தனி. ஒரு கட்டத்துல 64 வரைக்கும் அடுக்கலாம், ஆக மிஞ்சிப்போனா 2,304 கல்லு. ஆனா எண்டர் பேர்ல், முட்டை, அறிவிப்புப் பலகையெல்லாம் 16தான், வாள் கோடாரியெல்லாம் ஒரு கட்டத்துக்கு ஒண்ணுதான். 1,476 இங்காட்ட அப்படியே தூக்கினா 24 கட்டம் போயிடும், பிளாக்கா அடிச்சு 164ஆ தூக்கினா 3 கட்டம். இந்த விளையாட்டுல உண்மையான தட்டுப்பாடே இந்தக் கட்டத்துலதான்னு எனக்குத் தோணும். உலகம் ஒரு முனையிலருந்து இன்னொரு முனைக்கு ஏறக்குறைய 6 கோடி பிளாக், இரும்பத் தோண்டித் தீர்க்க ஆள் கிடையாது, தூக்கிட்டு வரத்தான் கை பத்தாது.

பத்திரிகையில அந்நியச் செலாவணி கையிருப்பு, யூரியா கையிருப்புன்னெல்லாம் வருதே, அது கையிலயா இருக்குன்னு ஒருத்தன் கேட்டான். நியாயமான கேள்விதான். அங்க கைங்கறது வசங்கற பொருள்ல வருது, எங்கயோ கிடங்குல இருந்தாலும் நம்ம வசம். விளையாட்டுல நாங்க அத இன்னும் இறுக்கிப் புடிச்சிக்கிட்டோம், நீ இப்ப செத்தா கீழ விழறது எதுவோ அதுதான் உன் கையிருப்பு. இந்த ஒரு வரைமுறை போதும், சந்தேகமே வராது.

ரெண்டாவது, பொது இடத்துல இருக்கறது. இதுக்குக் கிடங்கு. இந்தச் சொல்லப் பத்தி சொல்லாம இருக்க முடியல. குடோன் குடோன்னு நாம சொல்றோமே, அந்த ஆங்கில கோடவுனுக்கு மூலம் தேடற அகராதிகள் மலாய் குடாங் வழியா வந்து தெலுங்கு கிட்டங்கி, தமிழ் கிடங்குன்னு நம்ம வாசல்லதான் நிக்குது. போய்ட்டுத் திரும்பி வந்த சொல். அதோட கிடங்குக்குப் பள்ளம், அகழின்னும் பழைய பொருள் இருக்கு, மைன்கிராஃப்ட்ல எல்லாரும் பொதுப் பெட்டிகள வீட்டுக்கு அடியில மண்ணத் தோண்டித்தானே வைக்கறோம், அப்ப இதவிடப் பொருத்தமா வேற என்ன இருக்கு? ஒத்தப் பெட்டி 27 கட்டம், ரெட்டைப் பெட்டி 54, அதுல 3,456 கல்லு புடிக்கும். பூட்டு கிடையாது, யார் வேணா திறக்கலாம், யார் எடுத்தான்னும் எழுதி வைக்காது. ஹாப்பர்ங்கற புனல் மாதிரி பிளாக் வெச்சுப் பொருளத் தானா பிரிச்சுப் பெட்டிக்கு அனுப்பலாம், 2013ல அது வந்த பிறகுதான் பெரிய கிடங்கெல்லாம் சாத்தியமாச்சு, ஆனா அதுவும் என்ன வந்துச்சுன்னு பாக்குமே தவிர யாரு எடுத்துட்டுப் போனான்னு பாக்காது.

எண்டர் பெட்டி மட்டும் வேற கதை. ஒரே பெட்டிய நான் திறந்தா என் பொருள், நீங்க திறந்தா உங்க பொருள். பாக்கறதுக்குப் பொது, உள்ள தனி. இத நாங்க கையிருப்புலயும் சேக்கறதில்ல, செத்தாலும் அது கொட்டாதே. சேமிப்புன்னு சொல்றோம்.

மூணாவதுதான் அந்தச் சொல்லோட பழைய அர்த்தமான பட்டியல், இருப்புப் பட்டியல் இல்லன்னா இருப்பேடு. விளையாட்டுக்குள்ள இது கிடையவே கிடையாது, நாமதான் உண்டாக்கணும். கிடங்கு வாசல்ல ரேஷன் கடை மாதிரியே பலகை வெச்சு இரும்பு இவ்வளவு, தங்கம் இவ்வளவுன்னு எழுதறோம், எடுக்கறவன் மாத்தி எழுதணும். ஆரம்பத்துல சலிச்சுக்கிட்டாங்க, "அண்ணா விளையாட வந்தோமா கணக்கு எழுத வந்தோமா"ன்னு சித்தி பையன் கேட்டான். ரெண்டாவது பீக்கனுக்கு இரும்பு எடுக்கப் போனப்ப பலகையில இருந்த எண்ணும் பெட்டியில இருந்த எண்ணும் ஒத்துப்போச்சு, அப்புறம் அவன் கேக்கல.

பக்கத்துச் சொல்லு ஒண்ணு, ஸ்டாக். தமிழ்ல எழுதினா அடுக்குக்கு இருக்கற ஆங்கிலச் சொல்லும் இருப்புக்கு இருக்கறதும் ஒரே மாதிரி ஸ்டாக்னு ஆயிடுது, "டைமண்ட் ஸ்டாக் இருக்கு"ன்னா கொஞ்சம் இருக்குன்னு சொல்றானா 64 இருக்குன்னு சொல்றானான்னே தெரியாது. ஒரு அடுக்கு, ரெண்டு அடுக்குன்னு சொன்னா வேலை முடிஞ்சுது.

ரிசோர்ஸும் அப்படித்தான், அதோட மூலம் லத்தீன் ரெசுர்கெரே, மறுபடி எழறது. மறுபடி எழும்பாதத எப்படி ரிசோர்ஸ்னு சொல்றதுன்னு கேக்கலாம், நம்ம வளம் அந்த வாக்குறுதி எதுவும் குடுக்கறதில்ல. விளையாட்டுல கல்லு லாவாவும் தண்ணியும் சேர்ற இடத்துல ஊறிக்கிட்டே இருக்கும், இரும்பு, கோலெம்ங்கற இரும்பு மனுஷன் மூலமா வந்துக்கிட்டே இருக்கும், பள்ளிக்கூடப் புத்தகத்துல சொல்ற புதுப்பிக்கத்தக்க வளம். பறக்கற இறக்கையான எலிட்ரா அப்படி இல்ல, எண்ட்ங்கற தனி உலகத்துல இருக்கற கப்பல் ஒண்ணுக்கு ஒண்ணுதான், முதல்ல போனவன் எடுத்துட்டா அடுத்தவன் இன்னும் தூரம் போகணும். டிராகன் முட்டை சாதாரணமா ஒரு உலகத்துக்கே ஒண்ணு. இந்த மாதிரி தீரும் வளத்த யாரோட கையிருப்புலயும் விடக்கூடாதுன்னு நான் நினைக்கறேன், கிடங்குல வெச்சுப் பலகையில பேரோட எழுதணும், சண்டை வர்றதெல்லாம் இதுலதான்.

மிச்சம் ரெண்டு பொருளுக்கும் பேர் வெச்சாச்சு. 2024 அக்டோபர்ல வந்த பண்டில்ல பல பொருளக் கலந்து ஒரு அடுக்கு அளவுக்குப் போட்டு ஒரே கட்டத்துல வெச்சுக்கலாம், வாயக் கட்டின துணிப்பை மாதிரிதான் இருக்கும், பாட்டி இடுப்புல செருகற சுருக்குப்பையேதான், அதனால சுருக்குப்பை. 2016ல வந்த ஷல்கர் பாக்ஸ்ங்கற தூக்கிட்டுப் போற பெட்டிய உடைச்சாலும் உள்ள இருக்கற 27 கட்டமும் கலையாம கைக்கு வரும், அதுக்கு ட்ரங்குப் பெட்டின்னு நான் சொன்னேன், யாழ்ப்பாண நண்பர் பயணப் பெட்டின்னு சொல்றாரு, இன்னும் முடிவாகல, பலகையில இப்போதைக்கு ரெண்டும் எழுதியிருக்கு.