வாசலில் பிளக் பாயிண்ட் வைக்கிறீர்களா? விதி சொல்வது இதுதான்

ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின்சார ஸ்கூட்டர்கள் தயாராகின்றன. கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்து வீடுகளிலும் அவற்றைப் பார்க்க முடிகிறது. இருக்கிற வீட்டு மின் இணைப்பிலேயே வண்டிக்குச் சார்ஜ் போடலாம், அதற்குத் தனி இணைப்பு வாங்க வேண்டியதில்லை. அதனால் ஜன்னல் வழியாக ஒரு ஒயரை இழுத்து, வாசல் சுவரில் ஒரு பெட்டியை அடித்தால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். வெறுங்காலோடு ஈரத்தரையில் நின்று தொடுகிற பாயிண்டுக்கு அது போதாது.

முதலில், யார் செய்யலாம்? மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள் (2023) இதில் தெளிவாக இருக்கின்றன. பழுதான பல்பு, ஃபேன், சுவிட்சை மாற்ற உரிமம் தேவையில்லை. புதிதாக ஒயர் இழுத்துப் பாயிண்ட் சேர்ப்பது வேறு. அதை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் மூலம், தகுதிச் சான்று உள்ளவரின் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் அந்தச் சான்றை மின் உரிமம் வழங்கும் வாரியம் தருகிறது. தெரிந்த பையன்தானே என்று விடாமல், சான்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்ததுதான் உயிர் காக்கும் விஷயம். மெயின் போர்டில் எம்சிபி (அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் தானாக விழும் சுவிட்ச்) இருக்கிறது, ஷாக் அடித்தால் அது விழுந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். விழாது. 16 ஆம்பியர் எம்சிபி, ஒயர் தாங்க முடியாத அளவு மின்சாரம் ஓடினால்தான் துண்டிக்கும். மனித உடலுக்கோ அதில் மிகச் சிறு பங்கே ஆபத்து. அதற்காக இருப்பது ஆர்சிடி. கடையில் ஆர்சிசிபி என்று கேட்டால் தருவார்கள். ஃபேஸில் போன மின்சாரம் முழுவதும் நியூட்ரலில் திரும்புகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். வீடுகளில் இது துண்டிக்கும் கசிவின் அளவு 30 மில்லி ஆம்பியரைத் தாண்டக் கூடாது என்பது விதி. 100, 300 என்று அச்சிட்டதை மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

எர்த் இல்லாவிட்டால் யாராவது தொட்ட பிறகுதான் ஆர்சிடி விழும். எர்த் சரியாக இருந்தால் கசிவு மண்ணுக்குப் போய், யாரும் தொடும் முன்பே விழுந்துவிடும். நம் பக்கம் பாறை நிலம், கோடையில் எர்த் குழி காய்ந்துவிடும். குழியில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றுங்கள், எர்த் அளவையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

பெட்டி ஐபி 55 (தூசியையும் தண்ணீரையும் தடுக்கும் தரக் குறியீடு) அல்லது அதற்கு மேல், மூடியோடு இருக்கட்டும். சாக்கெட்டும் ஒயரும் ஐஎஸ்ஐ முத்திரை உள்ளவையாக இருக்க வேண்டும். 16 ஆம்பியர் பாயிண்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செப்பு ஒயர், தனி எம்சிபி. துணி காயப்போடும் கம்பி இதன் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

இந்தப் பாயிண்டிலிருந்து பக்கத்து வீட்டுக்கோ கடைக்கோ ஒயர் கொடுக்கக் கூடாது. அனுமதிக்காத பயன்பாட்டுக்கு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் இரு மடங்கு கட்டணம் விதிப்பார்கள். வயல் வேலிக்கு இழுப்பது அதைவிடப் பெரிய குற்றம். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்ததை மறக்க முடியுமா? அதே கம்பி மனிதரையும் விடாது.

வேலை முடிந்ததும் ஆர்சிடியில் உள்ள டெஸ்ட் பட்டனை உங்கள் முன்னால் அழுத்திக் காட்டச் சொல்லுங்கள், அப்புறம் மாதம் ஒருமுறை நீங்களே அழுத்துங்கள். மழை நாளில் திரும்பத் திரும்ப விழுந்தால், அதைத் தவிர்த்து நேராக ஒயர் கொடுக்கச் சம்மதிக்காதீர்கள். கசிவு எங்கே என்று தேடச் சொல்லுங்கள். கோளாறு கம்பத்தின் பக்கம் என்று தெரிந்தால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தை 94987 94987 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைக்கலாம்.