விசாரணைக்கு என்று கூட்டிப் போனவர் திரும்பவில்லையா? நீலகிரி மக்களுக்கான சட்ட விளக்கம்

"சும்மா விசாரிச்சுட்டு அனுப்பிடுறோம்" என்று சொல்லிப் போலீஸார் ஒருவரை ஜீப்பில் ஏற்றுகிறார்கள். இரண்டு நாள் கழித்து, "இன்று காலை பஸ் ஸ்டாண்டில் பிடித்தோம்" என்று ரிமாண்டுக்கு (காவலில் வைக்க மாஜிஸ்திரேட்டின் உத்தரவு பெற) கொண்டுவருகிறார்கள். நடுவில் போன இரண்டு நாள் எந்தக் காகிதத்திலும் இருக்காது. கோர்ட் வட்டாரத்தில் இதைக் 'கைது காட்டுவது' என்பார்கள். அடி உதையும் மிரட்டிக் கையெழுத்து வாங்குவதும் இந்தக் கணக்கில் வராத நேரத்தில்தான் நடக்கும். எனவே குடும்பத்தின் முதல் வேலை, கூட்டிப் போன நேரத்தை ஸ்டேஷனுக்கு வெளியே எங்காவது பதிவாக்குவது.

அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவும் பி.என்.எஸ்.எஸ். எனப்படும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (கீழே வெறும் எண்ணாக வரும் பிரிவுகள் இந்தச் சட்டத்தினுடையவை) 58-ஆவது பிரிவும் சொல்வது ஒன்றே: பிடித்த 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். கழித்துக்கொள்ளக்கூடியது பயண நேரம் மட்டும். மழையில் மலைப்பாதை அடைபட்டது என்றாலும் அதற்கு இரண்டு நாள் ஆகாது. கூடலூரிலேயே மாஜிஸ்திரேட் கோர்ட் இருக்கிறது. ஞாயிறும் பண்டிகையும் விதிவிலக்கல்ல, மாஜிஸ்திரேட் வீட்டிலேயே ஆஜர்படுத்தலாம்.

"கைதே செய்யவில்லை, விசாரணைதான்" என்பது வழக்கமான பதில். சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றாலும் 179-ஆவது பிரிவின்படி எழுத்து மூலம் அழைக்க வேண்டும். பெண்கள், 15 வயதுக்குக் குறைந்த அல்லது 60 வயதைக் கடந்த ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் ஆகியோரை அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். எழுந்து வீட்டுக்குப் போக விடவில்லை என்றால், பெயர் என்னவானாலும் அது காவல்தான்.

கைது என்றால் 36-ஆவது பிரிவின்படி கைதுக் குறிப்பு எழுதி, குடும்பத்தினரோ ஊர்ப் பெரியவரோ ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். நேரம் எழுதும் இடத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். பின்னால் அதில் எந்த நேரமும் ஏறலாம். கைதுக்கான காரணத்தை அவருக்குப் புரியும் மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும், கடைசிபட்சம் ரிமாண்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பாகவாவது, என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. தமிழ் படிக்கத் தெரியாத பணியர், காட்டுநாயக்கர் போன்ற பழங்குடியினரிடம் ஒரு தாளை நீட்டிக் கைநாட்டு வாங்கினால் அந்தக் கடமை தீராது.

வண்டி எண், சட்டையில் இருந்த பெயர், யூனிஃபார்மா மஃப்டியா, பார்த்தவர்கள் யார் என்பதை உடனே எழுதி வையுங்கள். 112-க்கு அழையுங்கள், அழைத்த நேரம் பதிவாகும். பல எஸ்டேட் லைன் வீடுகளில் சிக்னல் கிடைக்காது. கிடைக்கும் மேட்டுக்கு ஒருவரை உடனே அனுப்புங்கள். முன்பெல்லாம் தந்தி கொடுப்பார்கள், அந்த ரசீதே சாட்சி. தந்தி 2013 ஜூலையோடு நின்றுவிட்டதால் இப்போது மின்னஞ்சலும் ஸ்பீடு போஸ்ட்டும்தான். ஊட்டியில் உள்ள எஸ்.பி., கலெக்டர், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, உங்கள் பகுதி மாஜிஸ்திரேட் ஆகியோருக்கு ஒரே கடிதத்தை அனுப்பலாம். கைதானவர்களின் விவரம் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில் இருக்க வேண்டும் என்கிறது 37-ஆவது பிரிவு, அங்கேயும் கேளுங்கள்.

பலர் சறுக்குவது புகார் எழுதும்போதுதான். "மகனைக் காணவில்லை" என்று எழுதினால் அது காணாமல் போனவர் வழக்காகிவிடும், "தேடிக்கொண்டிருக்கிறோம்" என்று சொல்லிக் கோப்பைத் தூங்க வைக்க வசதியாகும். "இன்ன நேரத்தில் இந்த வண்டியில் போலீஸார் கூட்டிச் சென்றனர்" என்றே எழுதி, சி.எஸ்.ஆர். ரசீதை (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் ரசீது) கையில் வாங்குங்கள்.

மசினகுடி, முதுமலைப் பக்கம் கூட்டிப் போனது வனத்துறையாகவும் இருக்கலாம். ரேஞ்ச் ஆபீஸில் உட்கார வைத்தாலும், வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 50(4) பிரிவின்படி உடனே மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேண்டும்.

இன்ன இடத்தில்தான் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், 100-ஆவது பிரிவின் கீழ் மாஜிஸ்திரேட்டிடமோ ஆர்.டி.ஓ.விடமோ (வருவாய்க் கோட்டாட்சியர்) தேடுதல் வாரன்ட் கேட்கலாம். ஊட்டி, குன்னூர், கூடலூர் மூன்றிலும் ஆர்.டி.ஓ. இருக்கிறார். இடமே தெரியாவிட்டால், ஆளைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் போடும் ஆட்கொணர்வு மனு. நீலகிரிக்குச் சென்னை உயர் நீதிமன்றம். கொடைக்கானல் பக்கத்தவர்களுக்கு மதுரைக் கிளை. நண்பரும் போடலாம். ஆனால் மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்துவிட்டால் இந்த மனு பெரும்பாலும் நிற்காது, பிறகு ஜாமீன் வழிதான். மனு போட்ட செய்தி தெரிந்ததும் அவசரமாகக் கைது காட்டுவதும் உண்டு. அதனால்தான் அந்த முதல் நாள் ரசீதுகள் முக்கியம். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் இலவச சட்ட உதவி எண் 15100-க்கு அழையுங்கள். பழங்குடியினர், பட்டியல் சாதியினர், பெண்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு.

ஆஜர்படுத்தும்போது, உண்மையில் பிடித்த நாளையும் நேரத்தையும் காயங்களையும் மாஜிஸ்திரேட்டிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 53-ஆவது பிரிவின் மருத்துவ அறிக்கை நகலைக் கேட்டு வாங்குங்கள். ஸ்டேஷன் சி.சி.டி.வி. பதிவை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2020 உத்தரவு. "கேமரா பழுது" என்ற பதில் வருமுன் அதைப் பாதுகாக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

வலிந்து காணாமல் ஆக்குதலுக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 2007-இல் கையெழுத்திட்டது, ஏற்புறுதி செய்யவில்லை. அந்தப் பெயரில் இங்கே தனிக் குற்றமும் இல்லை. குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 127 (சட்டவிரோத அடைப்பு), 258 (அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தி அடைத்தல்) பிரிவுகளில்தான் வழக்குக் கேட்க முடியும். காவலில் இருந்தவர் காணாமல் போனால் மாஜிஸ்திரேட் விசாரணை நடத்த வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 196(2) சொல்கிறது. மனித உரிமை ஆணையம், சம்பவம் நடந்து ஓராண்டு தாண்டிய புகாரை எடுக்காது.